எஞ்சின் சூட்டில் இடியப்பம்

வீட்டுப்புகை குறைப்பவர் என்றொரு ரகம் எங்கள் வாவிக்கரையில் பெருகி வருகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டுக்கு வருவார். கதிரையை இழுத்துப் போட்டால் உட்காரமாட்டார். தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறியைக் கள்ளனைப் பார்ப்பதுபோல் பார்த்து, சுவிட்சைத் தேடிப் பிடித்து, அதை அமர்த்திவிட்டு, வியர்த்து வழியும் உங்கள் முகத்துக்கு நேரே உலகைச் சூடாக்கும் காபனீரொட்சைட்டைப் பற்றிப் பேசத் தொடங்குவார். தேத்தண்ணி கொடுத்தால், "இது கேஸ்லயா, விறகுலயா?" என்பார். எதைச் சொன்னாலும் பிழை. ஆனால் குடித்துவிட்டுத்தான் போவார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். காபனைக் கண்ணால் கண்டதில்லை. இந்த ரகத்தை மட்டும் கல்லடியில் என் வேலிக்கு அந்தப் பக்கமே வைத்திருக்கிறேன். பெயர் வினாயகமூர்த்தி.

இந்த ரகத்துக்குச் சோறு தண்ணீர் எல்லாம் தொலைபேசிக்குள்ளால் வரும். சுவிஸில் இருக்கும் அவரது மைத்துனர் ஒரு வீடியோ அனுப்பினார். வீட்டின் அடியில் ஒரு மெசின் நிற்கிறது. அதுவே கறண்டும் தருகிறது, அது கக்கும் சூட்டிலேயே வீடும் கதகதப்பாகிறது, சுடுதண்ணீரும் வருகிறது. நல்ல யோசனைதான், நான் குறை சொல்லமாட்டேன். வாசலில் பனி கொட்டும்போது சூட்டை எவன் வெளியே விடுவான்? ஆனால் எங்கள் ரகம் வீடியோவில் மெசினைத்தான் பார்க்கும். பனியைப் பார்க்காது.

வினாயகமூர்த்தி, கிரானில் ஒரு சொந்தக்காரரின் வட்டையில், வயலுக்கு நடுவே, ஓய்ந்துபோய் நின்ற லேண்ட்மாஸ்டர் உழவு மெசினின் எஞ்சினைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதில் ஒரு டைனமோவைப் பூட்டினார். புகைக்குழாயை ஒரு தண்ணீர்ப் பீப்பாய்க்குள்ளால் விட்டார். எஞ்சின் ஓடினால் கறண்ட், கூடவே கொதிதண்ணீர். கொதிதண்ணீர் யாருக்கு? சித்திரை வெயிலில் கல்லடியில் வெந்நீர் குளிக்க ஆள் தேடி வீடு வீடாகப் போனார். காய்ச்சல்காரர் ஒருவர் மட்டும் சம்மதித்தார். அவருக்கும் அடுத்த நாள் சுகமாகிவிட்டது.

அப்போதுதான் அவர் கண்ணில் மனைவியின் அடுப்பு பட்டது.

சுலோஜனா விடியற்காலையில் இடியப்பம் அவித்து, காத்தான்குடி மெயின் றோட்டில் மர்சூக்கின் சாப்பாட்டுக் கடைக்குக் கொடுப்பவர். அந்த வீட்டில் நம்பி இருக்கக்கூடிய வரும்படி அது ஒன்றுதான். வினாயகமூர்த்தி காபன் குறைக்கத் தொடங்கிய பிறகு அவருக்கு வேறு வேலை பார்க்க நேரம் கிடைக்கவில்லை. ஏறாவூரில் ஒருவர் மெசினில் பிழிந்த இடியப்பத்தோடு மர்சூக்கின் கடைவாசலை ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு வாரம் பிசகினால் போதும், சுலோஜனாவின் தட்டுகளைக் கவிழ்த்து வைக்கவேண்டியதுதான்.

"இஞ்ச பாருங்க, என்ட அடுப்புல கை வைக்காதீங்க."

"விறகுப் புகை, சுலோ. உலகமே சூடாகுது. இனி ஒரே டீசல் எண்ணெய், ரெண்டு வேலை."

"ரெண்டாவது வேலைய ஆரு கேட்டா?"

இந்த ரகத்துக்குக் காது உண்டு. கேள்விதான் அதற்குள் போகாது. பீப்பாயிலிருந்து ஆவிக்குழாய் இடியப்பச் சட்டிக்கு இறங்கியது.

சும்மா ஓடும் எஞ்சின் ஆவி வருமளவுக்குச் சுடுவதில்லை. அதற்குப் பாரம் வேண்டும். பாரம் என்றால் கறண்டை யாராவது செலவழிக்க வேண்டும். ஆகவே, என் வீட்டு விசிறியை அமர்த்திய அதே விரலால், விடியற்காலையில் தன் வீட்டு லைட்டுகள், விசிறிகள், டிவி, ஸ்திரிப்பெட்டி, தண்ணீர்ப் பம்ப் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, அமிர்தகழித் திருவிழாபோல் மின்னும் வளவின் நடுவே அவர் நின்றார். லைன் கறண்ட் இருக்கும்போதே இந்தக் கூத்து. "சூடு வீணாகக் கூடாது மச்சான்" என்று எஞ்சின் சத்தத்துக்கு மேலால் எனக்குக் கத்திச் சொன்னார். பம்ப் ஏற்றிய தண்ணீர், தாங்கி நிறைந்து, என் வளவுக்குள் வழிந்தது.

மூன்றாம் நாள் மர்சூக்கே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"தங்கச்சி, இடியப்பம் பூப்போலதான் இருக்கு. ஆனா திண்ட டிறைவர்மாரெல்லாம் எழும்பிப் போய் லொறிட டாங்கி ஒழுகுதா எண்டு குனிஞ்சு பாக்காங்க."

வினாயகமூர்த்தி குழாயின் பொருத்தை விரலால் தட்டினார். "ஒள்ளுப்பம், ஒரு துளிதான் கசியுது. ஆனா மர்சூக், இதால எவ்வளவு காபன் குறையுது தெரியுமா?"

"அண்ணன், அத நான் சம்பலோட வைக்கேலாதே." பிறகு சுலோஜனாவின் பக்கம் திரும்பினார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கன். அதுக்கு மறுகா என்னைக் குறை நினைக்காதீங்க."

மர்சூக் போனார். கணவன் பொருத்துக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டிருந்தார்.  அடுத்த விடியலில் சுலோஜனா சட்டியும் தட்டுமாக வேலிப் பொட்டு இடைவெளிக்குள்ளால் நுழைந்து என் வளவுக்கு வந்தார்.

"அண்ணன், பின்னுக்கு மூணு கல்லு வைக்கட்டா?"

"உங்கட ஆள் என்ன சொல்லுவாரு?"

"அவருக்குச் சூடு வீணாகாட்டிச் சரி. எனக்குக் கடை கைவிட்டுப் போகாட்டிச் சரி."

வெள்ளிக்கிழமை மர்சூக் ஒரு இடியப்பத்தை மூக்கருகே கொண்டுபோய் மணந்து, மெல்ல வாயில் போட்டு, "மெசினைத் திருத்திட்டாரு போல" என்றார். "ஓம் அண்ணன், திருத்தியாச்சு" என்றார் சுலோஜனா. ஓடர் தப்பிப் பிழைத்தது.

மெசின் நின்றுவிட்டது என்றா நினைக்கிறீர்கள்? இந்த ரகத்தை நீங்கள் இன்னும் விளங்கிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு விடியலும் அது அந்தப் பக்கம் தடதடவென்று இடிக்கிறது, யாருக்கும் வேண்டாத தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது. இந்தப் பக்கம் என் வளவில் சுலோஜனாவின் விறகு எரிகிறது. "எங்கட வீட்டுல அடுப்புப் புகையே இல்ல" என்று வினாயகமூர்த்தி கூட்டங்களில் பேசுகிறார். பொய் என்று சொல்லமுடியுமா?

போன கிழமை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். முகத்தில் உண்மையான கவலை.

"மச்சான், உங்கட வளவுல இப்ப புகை கூடிப்போச்சு. ஒள்ளுப்பம் கவனியுங்க."

நான் வாய் திறக்கவில்லை. வாயில் இடியப்பம் இருந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடிந்ததும் எழும்பி உங்கள் வேலியோரம் போய், உங்கள் வீட்டில் இல்லாமற்போன புகை யாருடைய கண்ணைக் கரிக்கிறது என்று ஒருதரம் எட்டிப் பாருங்கள். நில்லுங்கள். எழும்பும்போது, உள்ளே ஆட்கள் இருக்கையிலேயே, உங்கள் கை அந்த விசிறிச் சுவிட்சுக்கல்லவா போகிறது?