முட்செடிக்கு முன்னால் படுத்தவன்

ஹென்னிங் விடிந்ததும் எழுந்தான். காபி போட்டான். கம்பு ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்றான். சைக்கிளை மிதித்து, தோட்டச் சங்கம் மனை மனையாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருந்த தோட்டத்துக்குப் போனான். அவனுக்கும் அங்கே ஒரு மனை உண்டு. இன்னொரு மனைக்காரி ரோஸ்விதாவின் வேலியோரம் கேமராவும் கையுமாக வயிறு மண்ணில் பட நீட்டிப் படுத்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு முட்செடி விதை கட்டியிருந்தது. சிவந்த முகமும் மஞ்சள் பட்டைச் சிறகுமாக முள்சிட்டுக் குருவிகள் அதைத் தேடி வரும். விதை தீர்ந்தால் அவையும் போய்விடும். அதற்குள் குருவியின் கண்மட்டத்தில் ஒரே ஒரு நல்ல படம். இந்தக் கோடையில் அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"என்ன தம்பி, காலங்கார்த்தால என் தோட்டத்துக் களையப் படம் பிடிக்கிற?"

ரோஸ்விதா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"களைய இல்லம்மா. குருவிய."

"எந்தக் குருவி?"

அந்த நேரம் பார்த்து ஒரு குருவியும் இல்லை.

"சங்கத்துக் கமிட்டிக்கு யாரோ போட்டுக்கொடுக்கிறாங்கன்னு தெரியும். படுத்துக்கிட்டே செய்வாங்கன்னு தெரியாது" என்றவள், முட்செடியை வேரோடு பிடுங்கினாள்.

களை மண்டினால் மனையைத் திருப்பி வாங்கிக்கொள்வது சங்கத்தின் சட்டம். போட்டுக்கொடுப்பது ஹென்னிங்தான் என்ற சேதி மத்தியானத்துக்குள் தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது.

மறுநாள் நாலு மனை தள்ளி, லோதார் என்பவரின் மனை முன்னால் படுத்தான். லோதார் மண்வெட்டியோடு வந்தார்.

"எங்க வீட்டுக்காரிக்கு முட்டிவலி. அதான் களையெடுக்கல. அதையும் சொல்லிரு கமிட்டில."

"நான் யார்கிட்டயும் எதையும் சொல்லலைங்க. தயவுசெஞ்சு அந்தச் செடிய விட்ருங்க."

"விட்டா உனக்குப் படம் நல்லா வருமே."

வெட்டிப் போட்டார்.

ஹென்னிங் சங்கத் தலைவர் ஊடோவிடம் முறையிட்டான். அவர் பெரிய மனதோடு அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டார்: 'ஹென்னிங் கமிட்டியின் ஆள் அல்ல.'

அதுவரை சந்தேகப்படாதவர்களும் அன்றைக்குச் சந்தேகப்பட்டார்கள்.

"ஆள் இல்லைன்னா பலகை எதுக்கு?" என்றார் லோதார். சாயங்காலத்துக்குள் தோட்டம் மொட்டையானது.

பிடுங்கிப் போட்ட செடிகளைத் தன் மனையிலாவது நட்டுப் பார்க்கலாமென்று ஹென்னிங் குப்பைமேட்டில் பொறுக்கினான். கமிட்டிக்குக் காட்ட ஆதாரம் சேர்க்கிறான் என்றார்கள். ஒரு கூடையை இறக்கிவிட்டுத் திரும்புவதற்குள் மேட்டையே கொளுத்திவிட்டார்கள். பொறுக்கிய செடிகளும் வெயிலில் துவண்டுவிட்டன.

முள்சிட்டுகள் புகைக்கு மேலே ஒரு வட்டம் அடித்தன. பிறகு ரயில்பாதைப் பக்கம் போய்விட்டன.

கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். வாசல் கதவருகே ரோஸ்விதா நின்றிருந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"வீட்டுக்கு. இனிமே எனக்கு இங்க என்ன இருக்கு?"

அவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"என் கொட்டகைக்குப் பின்னாடி ஒரு முட்செடிய உனக்குன்னே விட்டு வச்சிருக்கேன், தினமும் வந்து படு தம்பி. நீ படுத்திருக்கிற வரைக்கும், போட்டுக்கொடுக்கிறது நான்தான்னு ஒருத்தருக்கும் தோணாது."