ஆழம் அக்காவின் அகர் அகர் பீம்கள்

இந்தத் தீவில் தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று ஆழம் அக்கா அளவுக்குக் கவலைப்பட்ட ஆள் இன்னொருவர் பிறக்கவில்லை. சிராங்கூன் ரோட்டில் உலகமே நகைக்கடைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு போகும். அக்கா மட்டும் நடைபாதையை மறித்து நின்று கடையின் கூரையைத் தாங்கும் பீமைப் பார்ப்பார். சாப்பாட்டுக் கடையில் அவருக்குப் பிடிக்காத பீமுக்குக் கீழே இடம் கிடைத்தால், இலை போட்ட பிறகும் எழுந்து வேறு மேசைக்குப் போய்விடுவார். சாம்பார் வாளியோடு கடைக்காரர் பின்னால் ஓடியதை நானே பார்த்திருக்கிறேன்.

அக்கா எங்கள் அலுவலகத்தின் கட்டமைப்புப் பொறியாளர். நான் அவருக்குக் கட்டடப் படம் வரைபவன். யார் என்ன சிக்கலோடு வந்தாலும் "ஆழத்தைக் கூட்டுங்க" என்பார். பீமின் மேல் விளிம்பிலிருந்து அடி வரை உள்ள உயரம்தான் எங்கள் தொழிலில் ஆழம். அதனால்தான் அந்தப் பெயர். ஒருமுறை ஃபைல் அடுக்கும் பலகை தொய்ந்துவிட்டது. இன்னும் நல்ல மரமாக வாங்கலாம் என்றேன்.

"மரம் என்னடா பண்ணுச்சு? படுக்க வச்சிருக்க, தொங்குது. அதே மரத்துல ஒரு பட்டையை அடியில நிக்க வச்சு ஒட்டு."

ஒட்டினேன். அதன்பின் பலகை தொய்யவே இல்லை. என் முகம்தான் ஒரு வாரம் தொங்கியது.

இந்தக் குணம் ஒருநாள் வேலைக்கே வேட்டு வைக்கப் பார்த்தது. அக்கா போகும் சர்ச்சில், அதாவது அவருடைய சொந்தப் பங்குக் கோயிலில், புது ஹால் கட்டும் வேலை எங்களிடம் வந்தது. கீழே ஹால், மேலே பிள்ளைகளின் மறைக்கல்வி வகுப்பு. நடுவில் தூண் கூடாது, கூரையில் பீம் துருத்தவும் கூடாது என்பது கமிட்டியின் ஆசை. ஆர்க்கிடெக்ட் ஓர் இளைஞர், எல்லாவற்றுக்கும் சுலப வழி வைத்திருப்பவர்.

"பீமை மெலிசா போடுங்க அக்கா. கான்கிரீட் கிரேடை ஏத்திட்டா போச்சு. சிம்பிள் லா."

"கிரேடை ஏத்தினா பலம் கொஞ்சம்தான் கூடும் தம்பி. வளையுறப்ப அடியில இழுக்கிறதைத் தாங்குறது கம்பி. கம்பிக்கும் பீம் முதுகுக்கும் நடுவுல தூரம் வேணும். இல்லன்னா மேல பிள்ளைங்க குதிக்கிறப்ப கீழ கூரை ஆடும், விரிசல் விடும்."

"கமிட்டி ஒத்துக்காதே."

"அப்ப நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கமிட்டியைச் சம்மதிக்க வைக்காவிட்டால் வேலை வேறு கம்பெனிக்குப் போய்விடும் என்றார் முதலாளி. அக்காவின் முகம் வாடிவிட்டது. அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயில். அங்கே யாரோ மெலிந்த பீம் போடுவதை அவர் வேடிக்கை பார்க்க வேண்டும்.

கூட்டத்துக்கு அக்கா மூன்று அகர் அகர் பீம்களோடு வந்தார். கான்கிரீட்டுக்குப் பதில் அகர் அகர் என்ற கடல்பாசி ஜெல்லி, கம்பிக்குப் பதில் சாத்தே இறைச்சி குத்தும் மூங்கில் குச்சி. ஒன்று தட்டையானது, கிரேடை ஏற்றிய கான்கிரீட் போலத் தூளை அள்ளிப் போட்டுக் கெட்டியாகக் காய்ச்சியது. இரண்டாவது சாதாரணப் பதம், ஒடுங்கி உயரமானது. மூன்றாவதும் சாதாரணப் பதம்தான், ஆனால் மேலே அகலத் தட்டும் கீழே தண்டுமாக ஆங்கில டி எழுத்து வடிவம். ஒவ்வொன்றையும் இரண்டு கிண்ணங்களுக்கு இடையே பாலமாக வைத்து, முதுகில் சின்னக் கெட்டிப்பால் டின் ஒன்றை ஏற்றினார். பிறகு புரொஜெக்டரை மாட்டத் திரும்பினார்.

அங்கேதான் தப்பு நடந்தது. கோயில் கமிட்டிக் கூட்டத்தில் மேசைமேல் எது இருந்தாலும் அது பலகாரம். ஒயரோடு மல்லாடிவிட்டு நாங்கள் திரும்பியபோது இரண்டு பீம்கள் காணாமல் போயிருந்தன.

"ஐயோ! என் பீமைத் தின்னுட்டீங்களா?"

கமிட்டியின் ரோஸி ஆன்ட்டி வாயைத் துடைத்துக்கொண்டார். "பீமா? பாண்டான் இலை வாசமா நல்லா இருந்துச்சு லா. குச்சி வேற வச்சிருந்தீங்க, பிடிச்சுச் சாப்பிடத்தான்னு நினைச்சோம்."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆர்க்கிடெக்ட் பையை மூடத் தொடங்கினார். கதை முடிந்தது என்றே நானும் நினைத்தேன். அப்போது மேசையில் மிச்சமிருந்த தட்டையானதை அக்கா பார்த்தார்.

"ஆன்ட்டி, இதை மட்டும் ஏன் விட்டுட்டீங்க?"

"அது டின்னோட உடைஞ்சு விழுந்து கிடந்துச்சு. ஒரு துண்டு எடுத்தேன், கட்டி! பல்லே போயிடும்."

"மத்த ரெண்டும்?"

"அதுங்க பூ மாதிரி. டின்னைத் தூக்கி இறக்கி வச்சுட்டுத்தானே எடுத்தோம். அதுபாட்டுக்கு நின்னுச்சு."

சொல்லிவிட்டு ஆன்ட்டியே நிறுத்தினார். உடைந்ததைப் பார்த்தார், தன் கையிலிருந்த குச்சியைப் பார்த்தார். "அப்ப கட்டியா இருந்ததுதான் உடைஞ்சுச்சா?"

"ஆமா ஆன்ட்டி. ஆழம் பத்தல."

ஆன்ட்டி ஆர்க்கிடெக்ட் பக்கம் திரும்பினார். "தம்பி, நம்ம ஹால்ல எது வருது?"

பாவம், அவர் தலையைச் சொறிந்தபடி உடைந்ததைக் காட்டினார். அன்றைக்கே ஆழமான பீம் என்று முடிவானது. மேல்தளமும் பீமும் ஒன்றாக வார்த்த டி வடிவம். பீம்களுக்கு இடையே கூரை உயரம் குறையவே இல்லை. அக்கா சந்தோஷத்தில் அழுத்திக் கையெழுத்துப் போட்டபோது பேனா தாளைக் கிழிக்காதது ஆச்சரியம்.

பிறகு அந்த பீம்களைப் பலகை போட்டு மறைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. ரோஸி ஆன்ட்டி விடவில்லை. "நாங்க சாப்பிட்டுப் பார்த்து எடுத்த பீம் லா. எல்லாரும் பார்க்கட்டும்."

வெளியூர் நண்பர்கள் வந்தால் இந்த ஊரின் உயரமான கட்டடங்களை அவர்களே தேடிப் பார்த்துக்கொள்வார்கள். நான் அவர்களை ஞாயிற்றுக்கிழமை இந்த ஹாலுக்குக் கூட்டிவருவேன். மேலே பிள்ளைகள் குதித்துக் கும்மாளம் போடுவார்கள், கீழே ஒன்றும் அசையாது. "எங்க அக்கா போட்டது" என்பேன், ஏதோ நானே தோள் கொடுத்துத் தாங்குவதுபோல.