செபஸ்தியாம்பிள்ளையின் சிசிலி அணை

ஓடுகிற தண்ணீரைச் சும்மா ஓட விடப் பொறுக்காத ஓர் இனம் உலகத்தில் உண்டு. அணைக்கட்டு ஆசாமிகள் என்று அவர்களுக்குப் பெயர் வைக்கலாம். நீங்களும் நானும் அருவியைக் கண்டால் போனை எடுத்துப் படம் பிடிப்போம். அவர்களோ, "அநியாயம், அத்தனையும் வீணா கடலுக்குப் போகுதே!" என்று துக்கம் கொண்டாடுவார்கள்.

இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைக் கடைவீதியில், இரும்புச் சாமான் கடையொன்றில் பைப்பு விற்கும் செபஸ்தியாம்பிள்ளை இந்த இனத்தில் முற்றிப் பழுத்தவர். சோற்றை இரண்டு பக்கமும் மலையாகக் குவித்து, நடுவே பள்ளம் பறித்து, பருப்புக் கறியை அதில் தேக்கி, சுண்டுவிரலால் ஒரு மதகு திறந்து, கீழே ஒரு கருவாட்டுத் துண்டைச் சுழலியாக நட்டு வைத்துவிட்டு, அது சுற்றுகிறதா என்று குனிந்து பார்ப்பார். சுற்றாது. தண்ணீர் போதவில்லை என்று மறுபடி பருப்பு கேட்பார்.

"மொதல்ல சாப்புடுங்க, பொறவு கரண்டு எடுக்கலாம்" என்பாள் மனைவி சிசிலி.

களனி ஆற்றின் தலைப்பகுதி முழுவதையும் அவர் மனத்துக்குள் திட்டம் போட்டு முடித்தாயிற்று. கொத்மலைத் தண்ணீரை மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்புவது மட்டும் பாக்கி. கோயிலில் ஞானஸ்நானம் நடக்கும்போது எல்லாரும் குழந்தையைப் பார்ப்பார்கள். இவர் தண்ணீர் எங்கே வடிகிறது என்று பார்ப்பார். தான் குடியிருக்கும், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே, இரண்டு ஓடைகள் சேரும் இடத்தில், ஓர் அணையும் கட்டி வைத்திருந்தார். மனத்துக்குள்தான். அதற்குப் பெயர் சிசிலி அணை. கல்யாணமான புதிதில் கட்டியது.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்கிறீர்களா? யாருக்கும் இல்லை, அந்தக் கம்பெனி வரும் வரைக்கும்.

தோட்டத்து ஓடையில் சின்ன மின் நிலையம் ஒன்று கட்டப் போகிறோம், மக்கள் கருத்தைக் கேட்க வருகிறோம் என்று கொழும்பிலிருந்து ஒரு கம்பெனி சொல்லி அனுப்பியது. கூட்டத்துக்குப் பிள்ளைக் காம்பராவை ஒழித்துக் கொடுத்தார்கள். வேலைக்குப் போகிறவர்களின் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடமாதலால், பெரியவர்கள் எல்லாரும் முழங்கால் மோவாயில் இடிக்கக் குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். இளம் எஞ்சினியர் விஜிதரன் சுவரில் வரைபடத்தை மாட்டி, ஓடையின் உச்சியில் விரலை வைத்தார்.

"இங்கதான் தடுப்பு வரும். இங்கருந்து தண்ணிய குழாய்ல எறக்குவோம்."

கொழுந்து பறிக்கும் பூரணி எழுந்தாள். "அது எங்க பீலிக்கு மேலயா, கீழயா சார்?"

பீலி என்றால் மேலிருந்து வரும் அந்த ஓடைத் தண்ணீரை லயமே குடிக்கவும் குளிக்கவும் பிடிக்கிற இடம். வேறு இடம் கிடையாது.

"மேலதான். நீங்க யோசிக்காதீங்க, டாங்கி கட்டித் தருவோம்."

"டாங்கி கட்டுவீங்க சார். அதுல தண்ணிய யாரு ஊத்துறது?"

விஜிதரன் வரைபடத்தைப் பார்த்தார். வரைபடத்தில் பீலி இல்லை. "உயரம் வேணுமேம்மா. உயரத்திலருந்து விழுந்தாத்தான் கரண்டு" என்றார். பூரணி உட்காரவில்லை. அவளுக்குப் பின்னால் பெண்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் செபஸ்தியாம்பிள்ளை எழுந்தார். குட்டி நாற்காலியும் அவரோடு எழுந்தது. சிசிலி அதைப் பிடித்து இழுத்துக் கழற்றினாள்.

"தம்பி! மேலயே தண்ணிய எடுத்துட்டா சிசிலி அணை என்னாவுறது?"

விஜிதரன் திகைத்தார். "சிசிலி அணையா? எங்க மேப்ல இல்லியே ஐயா?"

"இருக்காது. என் தலைக்குள்ள இருக்கு!"

கூட்டம் கைதட்டியது. கைதட்டலைக் கேட்ட அணைக்கட்டு ஆசாமியை நிறுத்த எந்த அணையாலும் முடியாது. வரைபடத்தருகே போய், லயத்துக்குக் கீழே ஒரு குத்துக் குத்தினார்.

"நீங்க உயரத்த மட்டும் பாக்குறீங்க. தண்ணி வேணாமா? மேல ஒத்த ஓட. மழ விட்டா நூலாட்டம் ஓடும். கீழ பாருங்க, ரெண்டு ஓட சேருது. கொஞ்சம் உயரம் போனாப் போகட்டுமே, வருசம் பூரா உங்க மெசினு சுத்தும்!"

விஜிதரன் மறுத்தார். இவர் மறுபடி குத்தினார். பிளேன்டீ வந்தது, ஆறியது. வரைபடம் கிழிந்தது. கடைசியில் எஞ்சினியர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "சரி ஐயா, ரெண்டு எடத்தையும் வெயில் காலத்துல அளந்து பாக்குறோம்" என்றார்.

அளந்தார்கள். மேல் ஓடை வெயிலில் மெலிந்தது. கீழே தண்ணீர் நின்று நிதானமாக ஓடியது. கம்பெனி ஆட்கள் லயத்துக்குக் கீழே பாறையில் சிவப்பு மையால் அடையாளம் போட்டுவிட்டுப் போன அன்று, லயமே திரண்டு வந்து செபஸ்தியாம்பிள்ளைக்கு மாலை போட்டது. அவர் கண்கள் கலங்கின. ஒரு திட்டத்தின் அருமை தெரிந்த ஜனங்கள்!

"பீலிய காப்பாத்திட்டீங்க அண்ணே!" என்று பூரணி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"பீலியா? எந்தப் பீலி?" என்றார் செபஸ்தியாம்பிள்ளை.

காலையில் அவர் முகம் கழுவிய பீலிதான். சிசிலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "பேசாம கும்புட்டுட்டு வாங்க" என்றாள்.

நல்ல வேளை, நாமெல்லாம் அப்படி இல்லை என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று: இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, 'ரெண்டு ஓட சேருற எடத்துக்கு இன்னும் கொஞ்சம் கீழ வச்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்குமே' என்று உங்களுக்கு ஒரு கணம் தோன்றியதா? தோன்றியிருந்தால், இன்று சாப்பிட உட்காரும்போது பருப்பைக் கொஞ்சம் தள்ளியே வைக்கச் சொல்லுங்கள்.