தேத்தண்ணியில் இறங்கிய பேய்

1979 ஜூலை இரண்டாம் ஞாயிறு காலை, சேரம்பாடிக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மைதானத்தில் ஒன்பது ஆடுகள் கட்டப்பட்டிருந்தன.

ஆடுகளுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. அதில் அந்திக்கருப்பு என்ற பேயை அடக்கியவராகிய அழகர்சாமி சாமியார். எதிரே தோட்டத்துச் சனமெல்லாம் வரிசையில் நின்றது. சம்பள நாளில்கூடக் கங்காணி இப்படி ஒரு வரிசையைப் பார்த்ததில்லை.

எல்லாருக்கும் ஒரே வியாதி. ராத்திரி நன்றாகத் தூங்குகிறார்கள். அந்தி சாய்ந்ததும் கைகால் விட்டுப்போகிறது. உடம்பில் என்ன குறை என்று பார்த்தால் பேய்க்கு வேலையில்லை. பேய்க்கு வேலையில்லாவிட்டால் சாமியாருக்கும் இல்லை.

இசக்கியம்மாள் சினையாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தபிறகு அவள் சொந்தமாகச் சேர்த்த ஒரே சொத்து அது. கொடுக்க மனசில்லை. ஆனால் கொழுந்து பறித்து லயத்து வீட்டுக்குத் திரும்பினால் சோற்றுப் பானையை இறக்கவும் தெம்பில்லை. ‘ரத்தம் கம்மி’ என்று தோட்டத்து நர்ஸ் மெட்டில்டா கொடுத்த மாத்திரையைத் தவறாமல் முழுங்கியும் பலனில்லை. அப்புறம் பேயாகத்தானே இருக்க வேண்டும்?

சாமியார் பேயை ஆட்டுக்கு மாற்றுவார்; ஆடு அவரோடு போகும். பேயேறிய ஒன்பது ஆடுகளும் தெம்பாகப் புல் மேய்ந்துகொண்டிருந்தன. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

“ஒரு மொடக்குக் குடி தாயி.” சாமியார் பக்கத்து அடுப்பிலிருந்த கெட்டிலிலிருந்து ஒரு கிளாஸ் ஊற்றி நீட்டினார்.

அவள் பாலில்லாத தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸைத் திருப்பி நீட்டினாள். சாமியார் தீர்த்தம் ஊற்றினார். சிவந்திருந்த தேத்தண்ணி மை மாதிரிக் கறுத்தது.

“கருப்பு எறங்கிருச்சு!” கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

“ஏனுங்க சாமி,” மெட்டில்டா முன்னால் வந்தாள். “நீங்க குடிச்சிட்டிருக்கிற கிளாஸ்லயும் கொஞ்சம் ஊத்துங்க, பாக்கலாம்.”

“சாமிக்கே சோதனையா?”

“சாமிக்குத்தானுங்களே பயமில்ல?”

பதிலுக்குக் காத்திராமல் அவளே ஊற்றினாள். கறுத்தது.

“ஐயையோ, சாமியையும் புடிச்சிருச்சு!” என்றாள் பக்கத்து லயத்து மூக்கம்மா. “அப்ப அவரும் ஒரு ஆடு கட்டணுமே!”

பகுத்தறிவு அந்த மைதானத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. மெட்டில்டா மிச்சத் தீர்த்தத்தைத் தேத்தண்ணி போட்டு வைத்திருந்த கெட்டிலில் கவிழ்த்தாள். கெட்டிலும் கறுத்தது.

“கெட்டிலுக்கு என்ன அக்கா சோர்வு? அது காலையிலேர்ந்து அடுப்புலதானே குந்தியிருக்கு!”

முதலில் சிரித்தவள் மூக்கம்மாதான்.

மெட்டில்டா இன்னொரு கிளாஸ் தேத்தண்ணியில் ஒரு மாத்திரையைப் பொடித்துப் போட்டாள். அதே கறுப்பு. “இது ரத்தம் ஊற நான் குடுக்கிற இரும்பு மாத்திரை. சாமி தண்ணியில கலந்திருக்கிறது அன்னபேதி உப்பு. அதுவும் இரும்புதான். தேயிலைச் சாயத்துல இரும்பு பட்டாக் கறுக்கும்.”

இசக்கியம்மாள் கிளாஸையே பார்த்தாள். “நர்சம்மா, நான் அந்த மாத்திரைய தேத்தண்ணியிலதானே முழுங்குறேன்?”

“அடக் கடவுளே! சாயம் இரும்பைப் புடிச்சுக்கிட்டா ஒடம்புல எப்படிக்கா சேரும்? வெந்நியில முழுங்குங்க.”

திரும்பிப் பார்த்தபோது நாற்காலி காலி. அந்திக்கருப்பை அடக்கியவர் கூடலூர் பஸ்ஸை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். சோர்வு துளியும் தெரியவில்லை.

தினமும் தேயிலையோடு புழங்கும் இத்தனை பேரில், சாமியாரின் கிளாஸிலும் ஊற்றிப் பார்க்க ஒருத்திக்குத்தான் தோன்றியது. கேள்வி கேட்க ஆடு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

ஆடுகள் அன்றே லயங்களுக்குத் திரும்பின. இசக்கியம்மாளின் ஆடு ஆவணியில் இரண்டு குட்டி போட்டது. ஐப்பசி வாக்கில் அவள் அந்தியில் விறகு பிளக்கத் தொடங்கினாள்.