முப்பது வழி போனும் பதினோரு வீட்டு மாடுகளும்

நல்லேப்பிள்ளி,
வெள்ளிக்கிழமை காலை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை சிவப்பிரகாஷ் அவர்களுக்கு மாமனார் நஞ்சப்பன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நம் மாட்டுத்தீவன மில்லும் ஒருவாறு நலம். அங்கு உங்களையும் செல்வப்பிரியாவையும் சளி, காய்ச்சல் அண்டாமல் மாரியாத்தா பார்த்துக்கொள்வாளாக.

போனில் சொல்வதை விட்டுக் கடுதாசி எதற்கு என்று நினைப்பீர்கள். நேற்று உங்கள் கம்பெனிக்கு மூன்று முறை கூப்பிட்டேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னார்கள், அழுத்தினேன். புகாருக்கு நான்கை அழுத்தச் சொன்னார்கள், அழுத்தினேன். அப்புறம் அரைமணி நேரம் நாதஸ்வரம் வாசித்தார்கள். உங்கள் செல்லுக்கே கூப்பிடலாம்தான். ஆனால் மாப்பிள்ளையிடம் குரலை உயர்த்தக்கூடாது என்று உங்கள் அத்தை பக்கத்திலேயே நிற்கிறாள். எழுதினால், அவள் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் முடித்துவிடலாம்.

ஆபீசில் இருந்த ரெண்டு செம்புக்கம்பி லைனையும் எடுக்கப் போறாங்கன்னு காகிதம் வந்தப்ப நான் உங்களைத்தான் கேட்டேனுங்க. கோயமுத்தூர்ல போன் கம்பெனியில இருக்கற மாப்பிள்ளை இருக்கறப்ப வேற யாரைக் கேக்கறது? நீங்களும் பொறுமையாத்தான் சொன்னீங்க. பழைய மாதிரி ஒரு கம்பிக்கு ஒரு பேச்சுன்னு ஒரு வகை, ஒரே லைன்ல முப்பது பேரு பேசற பி.ஆர்.ஐ.ன்னு ஒரு வகை, இன்டர்நெட்டு வழியா எத்தனை வேணுமோ அத்தனை மட்டும் வாங்கிக்கற சிப்புன்னு ஒரு வகை. "ஒரே நேரத்துல எத்தனை பேரு பேசுவாங்க மாமா?"ன்னு கேட்டீங்க. உள்ளதைச் சொன்னா ரெண்டு பேருங்க. ஆனா அன்னிக்குப் பாத்து உங்க அப்பா எங்கூட்டுல காப்பி குடிச்சுட்டு உக்காந்திருந்தாருங்க. சம்பந்தி முன்னால ரெண்டுன்னு எப்படிங்க சொல்றது? "இருவத்தஞ்சு பேராவது பேசிட்டே இருப்பாங்க"ன்னு சொல்லிப்போட்டேன். நம்ம ஆபீசுல மொத்தமே ஒன்பது பேருன்னு உங்களுக்குத் தெரியுமல்லங்க? சித்தெ யோசிச்சிருக்க வேண்டாமுங்களா?

முப்பது வழி வந்துருச்சு. கூடவே நூறு நம்பரும் வந்துச்சு. ஆனா ஊரெல்லாம் செவுத்துல எழுதி வெச்ச நம்ம பழைய நம்பர் மட்டும் வரல. போனை எடுக்கறது வழக்கம்போல கமலாத்தா ஒருத்திதான். இருவத்திரண்டு வருசமா ரெண்டு போனை ரெண்டு காதுலயும் வெச்சுப் பேசின பொம்பளைங்க அது. இப்ப மேசை மேல வெளக்கு வெளக்கா எரியுது, எதை அமுக்கறதுன்னு தெரியாம கும்புட்டுட்டு உக்காந்திருக்குது. வர்ற போன்ல பத்துக்கு மூணு எடைமேடை அழகுமலை ரூமுக்குப் போயிருது. மூணாறு எஸ்டேட்டுல தேயிலை எடை போட்டுட்டு இருந்த மனுசன், மாட்டைப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா கேக்கறவங்களுக்கெல்லாம், "கவலைப்படாதிய, வெந்நி குடுங்க, சரியாப் போயிரும்"னு வைத்தியம் சொல்லிட்டிருக்காரு.

இதெல்லாம் போனாப் போகுதுன்னு விட்டுட்டேனுங்க. போன புதன்கிழமை நடந்ததைத்தான் பொறுக்க முடியல.

அன்னிக்குக் காலையில குடோனுக்குள்ள போயிப் பாத்தா, கூரை ஒழுகி அடி வரிசைக் கடலைப்புண்ணாக்கெல்லாம் பூசணம் பூத்துக் கெடக்குது. மொத நாள் அதை அரைச்சுக் கலந்த தீவனம் பதினோரு ஊட்டுக்குப் போயிருச்சு. சாயங்காலத் தீனிக்கு மூட்டையைப் பிரிச்சுருவாங்க. சினை மாடு அதைத் தின்னா வயித்துல இருக்கற கன்னு என்ன ஆகுமுங்க? "கமலாத்தா, பதினோரு பேருக்கும் போன் போடு"ன்னேன். உங்க முப்பது வழியும் சும்மாதான் இருந்துச்சு. ஒருத்தரும் எடுக்கலீங்க! புது நம்பருங்க. பாங்கிக்காரன்னு நெனச்சுட்டாங்க. எடுத்தது ஒரே ஒருத்தரு. "எனக்கு லோன் வேண்டாம்"னு அவரு வெக்கப் போக, கமலாத்தா பதறிப்போயி, "ஐயோ, லோன் இல்லீங்க, புண்ணாக்குங்க!"ன்னு கத்துச்சு. "யாரைடி புண்ணாக்குங்கறே?"ன்னு கேட்டுட்டு அவரும் வெச்சுட்டாரு. என் செல்லுல கூப்பிட்டுப் பாத்தேன். அந்த நம்பர் ஊட்டாளுகளைத் தவிர யாருக்குந் தெரியாது. அதையும் எடுக்கல.

அழகுமலையை ஏத்திட்டு ஜீப்பை எடுத்தேனுங்க. கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடைன்னு ஊடு ஊடாப் போயி மூட்டையைத் தூக்கி ஏத்தினோம். மதியச் சோறு கெடையாது. பத்து ஊடு முடிஞ்சு, கடைசியா வேலந்தாவளத்துக்கிட்ட சின்னத்தாய் ஊடு. புருசன் இல்லாத பொம்பளை, அந்த ஒத்தை மாட்டுப் பால்லதான் ரெண்டு பொண்ணுகளைப் படிக்க வெக்குது. நான் உள்ள நொழையறேன், தொட்டியில தீவனம் கலந்து வெச்சாச்சு, மாடு மூஞ்சியை எறக்குது. சினை மாடு. நான் ஒண்ணும் யோசிக்கலீங்க, ஓடிப்போயித் தொட்டியைக் கவுத்துட்டேன். சின்னத்தாய் "திருடன், திருடன்"னு கத்துது. தீனியைப் புடுங்கின கோவத்துல மாடு என்னை இடுப்புல ஒரே முட்டு. சாணிக்குழிக்குள்ள கெடந்துட்டு நான், "அம்மிணி, நாந்தான் தீவன மில்லு நஞ்சப்பன்"னு சொல்றேன்.

அந்தம்மாவுக்கு அழுகையே வந்துருச்சு. "நாலு தடவை போன் வந்துதுங்க. நம்பர் தெரியாததுன்னு கட் பண்ணிட்டேனுங்க"ன்னுச்சு. ஒரு வாயி தின்னிருந்தாக்கூட நான் அந்த ஊட்டு வாசல்ல எப்படிங்க நிப்பேன்? நல்லவேளை, பதினோரு ஊட்டுலயும் ஒரு மாட்டுக்கும் ஒண்ணும் ஆகல. நேத்து சின்னத்தாய் ஊட்டு மாடு கிடாரிக்கன்னு போட்டிருக்குது. என் இடுப்புல பத்துப் போட்டிருக்குது.

ஆகவே மாப்பிள்ளை, இதைக் கண்டிப்பான வார்த்தையாக எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு முப்பது வழி வேண்டாம். நாலு வழி போதும், சிப்போ எதுவோ. பழைய நம்பர் திரும்பக் கிடைக்க யாருக்கு விண்ணப்பம் எழுத வேண்டுமோ எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நான் கூப்பிட்டால் அந்த நம்பர்தான் அவர்கள் போனில் தெரிய வேண்டும். கரண்ட் போனாலும் ஒரு போனாவது அடிக்க வேண்டும். திங்கட்கிழமைக்குள் ஆள் வராவிட்டால் உங்கள் ஆட்கள் மாட்டிவிட்டுப் போன அந்தப் போன் பெட்டியை நானே கழற்றி பஸ்ஸில் போட்டு அனுப்பிவிடுவேன். வேறு யாருக்கும் இந்த லைனைத் தலையில் கட்டிவிடாதீர்கள்.

செல்வப்பிரியாவுக்கு என் ஆசிகள். சம்பந்தி, சம்பந்தியம்மா இருவருக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இடுப்பு விஷயத்தைச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் மாமனார்,
நஞ்சப்பன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போன நேரத்தில் கூரை ஓட்டுக் கம்பெனி ராக்கியப்பன் வந்தாருங்க. தன் ஆபீசுக்கு எந்த லைன் போடலாம்னு யோசனை கேட்டாரு. வெளியாள் முன்னால மாப்பிள்ளை போட்ட லைனைக் குறை சொல்ல முடியுங்களா? முப்பது வழிதான் கௌரவம், அதுக்குக் கீழ போறது தொழில் பண்றவனுக்கு அழகில்லேன்னு ஒன்றரை மணி நேரம் வெளக்கினேன். மனுசன் அசந்துபோயி, தனக்கு அறுபது வேணும்னு நாளைக்கு உங்களைப் பாக்க வர்றாரு. மேலே எழுதியதையெல்லாம் கிழித்துவிடுங்கள். திங்கட்கிழமை ஆள் வரட்டும், ஆனால் எதையும் கழற்ற வேண்டாம். எனக்குத் தொண்ணூறு வழி போட முடியுமா என்று மட்டும் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.