இளைக்கப்போகும் உடம்புக்கு ஜாக்கெட் தைத்த கதை

அளவு எடுக்காமல் நான் இதுவரை ஒரே ஒரு ஜாக்கெட்தான் தைத்திருக்கிறேன். அதைப் போட்டுக்கொண்டவளும் நான்தான். இந்த இரண்டு வாக்கியங்களை வெளியில் சொல்ல எனக்கு ஐந்து வருஷம் ஆனது.

திருத்தணி பஸ் நிலையத்துக்குப் பின்னால் என் தையல் கடை. இருபது வருஷமாக இந்த ஊர்ப் பெண்களின் சுற்றளவு என் நோட்டில் இருக்கிறது. யார் பிரசவத்துக்குப் பிறகு பெருத்தார்கள், யார் மாமியார் வீட்டுக்குப் போய் வற்றினார்கள் என்று தேதியோடு சொல்வேன். (சொன்னதில்லை. சொன்னால் பாதி ஊர் என்னோடு பேசாது.) "கஸ்தூரி கை வச்சா அளவு தப்பாது" என்று பெயர் வேறு. அந்தப் பெயரைத்தான் ஒரு கல்யாண மேடையில், இரண்டு மாநிலத்து உறவினர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது நானே கிழித்துக்கொண்டேன்.

அப்போது நான் நூற்று நான்கு கிலோ. முட்டி இரண்டும் விடுமுறை கேட்டுவிட்டன, சர்க்கரையும் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆனி மாதம் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் வயிற்றின் மேல்பாகத்தைச் சுற்றி ஒரு வளையம் போட்டார்கள். தோலுக்கு அடியில் பொத்தான் மாதிரி ஒன்று இருக்கும். அதில் ஊசி போட்டு உப்புத்தண்ணீர் ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். பாவாடை நாடாவைப் போலத்தான், கட்டுவது மட்டும் டாக்டர். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். அவசரமாக விழுங்கினால் நெஞ்சில் நின்றுகொண்டு உயிரை வாங்கும். ஒரு இட்லியை இருபது நிமிஷம் மெல்ல வேண்டும். என் கடைக்கு வந்தவர்கள் எல்லாம் நான் வெற்றிலை போட்டிருப்பதாக நினைத்தார்கள்.

டாக்டரம்மா அன்றைக்கே தெளிவாகச் சொன்னார்: "இதுல மெதுவாத்தாம்மா கொறையும். மத்த ஆபரேஷன் மாதிரி மளமளன்னு எறங்காது. மனசு விட்டுடாதீங்க." நான் பெரிய மனுஷி மாதிரித் தலையை ஆட்டினேன். அவர் சொன்னதைக் காதில் வாங்கினேன், மூளைக்கு மட்டும் அனுப்பவில்லை. 'மெதுவாக' என்பதெல்லாம் மற்ற நோயாளிகளுக்கு, நான் கஸ்தூரி அல்லவா! தை மாதம் நாத்தனார் மகள் கல்யாணம். அதற்குள் முப்பது கிலோ போய்விடும் என்று எனக்கு நானே தேதி கொடுத்துக்கொண்டேன். தீபாவளிக்குத் துணி கொடுத்துவிட்டுக் கார்த்திகையில் வாங்கிக்கொள்ளும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இருந்த நிதானம்கூட எனக்கு இல்லை.

முதல் மூன்று மாதத்தில் ஏழு கிலோ குறைந்தது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? பட்டிருப்பேன், அரக்கோணத்து சரளா மட்டும் இல்லாதிருந்தால். ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் இருந்தவள். அவளுக்குச் செய்தது குடலையே வேறு வழியாகத் திருப்பிவிடும் பெரிய ஆபரேஷன். அவள் பாட்டுக்கு உருகிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், வாட்ஸ்அப்பில் இரண்டு படம் வரும். பழைய படத்தில் வீட்டில் இழவு விழுந்ததுபோல் முகம், புதுப் படத்தில் முப்பத்திரண்டு பல். கீழே 'நம்பிக்கை இருந்தால் எல்லாம் முடியும் அக்கா' என்று பூங்கொத்தோடு ஒரு வரி. அந்தப் பூங்கொத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் மேல் கோபப்பட ஒரு காரணமும் இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும், அதனால் இரண்டு பங்கு கோபம் வந்தது.

வீட்டில் எடைமெஷின் வாங்கி வைத்தேன். காலையில் ஒருமுறை, பாத்ரூம் போய்வந்து ஒருமுறை, வளையலைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஏறுவேன். அது சமையலறையில் ஒன்று சொல்லும், கூடத்தில் ஒன்று சொல்லும். கூடத்தில் முந்நூறு கிராம் குறைவாகக் காட்டியதால் கூடத்திலேயே வைத்துவிட்டேன். வயர்மேனாக இருக்கும் என் வீட்டுக்காரர் இருட்டில் அதில் தடுக்கி விழுந்து, "உன் வெயிட்ட பாக்கறதுக்கு என் காலு ஒடயணுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

ஐப்பசியில் நாத்தனார் விஜயா பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்தாள். கல்யாணத்துக்கு எனக்கு எடுத்த கிளிப்பச்சைப் பட்டுப்புடவையைக் கொடுக்க வந்தவள், கடையில் நாலு வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா அண்ணி, வயித்துல இன்னாமோ வளையம் போட்டுக்கினியாமே. ஒண்ணும் தெரியலியே, அப்டியேதான கீற?"

ஏழு கிலோ குறைந்திருக்கிறது என்று சொல்லியிருந்தால் பேச்சு முடிந்திருக்கும். ஆனால் ஏழு என்பது எனக்கே கேவலமாகப் பட்டது. "தையில வந்து பாரு. முப்பத்தெட்டு சைஸ் ஜாக்கெட்ல நான் மேடைல நிக்கிறேன்" என்றேன்.

"முப்பத்தெட்டா!" என்று விஜயா சிரித்தாள். அவளோடு நாலு வாடிக்கையாளர்களும் சிரித்தார்கள். அதில் ஒருத்திக்கு நான் ஓசியில் ஓரம் அடித்துக் கொடுத்திருந்தேன்.

அன்று சாயங்காலமே மனதுக்குள் ஒரு முடிவு எடுத்தேன். தை வரைக்கும் பார்ப்பது. அந்த ஜாக்கெட் பற்றவில்லை என்றால் சென்னைக்குப் போய் இந்த வளையத்தைக் கழற்றிவிடச் சொல்வது. சர்க்கரையாவது முட்டியாவது, எப்படியோ போகட்டும், பிரியாணியாவது நிம்மதியாகச் சாப்பிடலாம். இதை வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை.

இங்கே தொழில் சங்கதி ஒன்று சொல்ல வேண்டும். ஜாக்கெட் தைக்கும்போது இரண்டு பக்கமும் உள்ளே துணி விடுவோம். பெருத்தால் பிரித்துக்கொள்ளலாம். நம் பெண்களின் எதிர்காலத்தின் மேல் தையல்காரிகளுக்கு உள்ள அவநம்பிக்கை அது, இதுவரை பொய்த்ததில்லை. நானோ அந்தப் பச்சைப் பட்டை முப்பத்தெட்டுக்கு வெட்டி, உள்ளே விட வேண்டிய துணியையும் ஒட்ட நறுக்கி எடுத்தேன். பெருக்கப் போவதில்லையே, எதற்கு என்று!

எனக்கு உதவியாகக் கொக்கி கட்டுவதும் ஹெம்மிங் செய்வதுமாக இருப்பவள் நிர்மலா. பேசாத பிறவி. அன்றைக்கு அவளே ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அக்கா, இன்னாக்கா இது? உள்ள துணியே உடாம வெட்டிக்கினு கீற?"

"எனக்கு வேணாம்."

"டேப்பாவது ஒரு தபா வச்சுப் பாத்துட்டு வெட்டேன்க்கா."

"டேப்பு இருக்கற உடம்புக்கு. இது வரப்போற உடம்புக்கு" என்றேன். நல்ல வசனம். சொல்லிவிட்டு எனக்கே புல்லரித்தது. நிர்மலா சிலுவைக்குறி போட்டுக்கொண்டு மறுபடி ஊசியை எடுத்தாள்.

கைகளிலும் முதுகிலும் மாங்காய் டிசைனில் ஆரி வேலை செய்யக் கொடுத்தோம். மார்கழியில் திரும்பி வந்தபோது அதன் அழகைப் பார்த்து நிர்மலாவே வாயைப் பிளந்தாள். நான் போட்டுப் பார்க்கவில்லை. பயமா என்று கேட்காதீர்கள். எடைமெஷின் அதற்குள் பதினொரு கிலோ குறைந்த இடத்தில் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றது. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது கொள்ளுத் தண்ணீர், எலுமிச்சைத் தேன், சீரகக் கஷாயம் என்று தெருவில் சொன்னதையெல்லாம் குடித்தேன். பாத்ரூம்தான் தேய்ந்தது.

கல்யாணத்தன்று காலை, மலைக்குப் போகும் வழியில் இருந்த மண்டபத்தின் மாடியறையில் ஜாக்கெட்டைப் போட்டேன். கை நுழைந்தது. கொக்கிகள் ஒன்றையொன்று பார்க்கவே மறுத்தன. நடுவில் நாலு விரல் இடைவெளி. புத்தியுள்ளவள் அங்கேயே வேறு ஜாக்கெட்டுக்கு ஆள் அனுப்பியிருப்பாள். நானோ மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு ஒன்பது ஊக்குகளை வரிசையாகக் குத்தி இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடித்து, முந்தானையை மேலே போட்டு மூடினேன். கண்ணாடியில் பார்த்தபோது முப்பத்தெட்டு மாதிரிதான் இருந்தது. மூச்சு மட்டும் விட முடியாது. கல்யாணத்தில் யார் மூச்சு விடுகிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு கீழே இறங்கினேன்.

விஜயா பார்த்தாள். "அண்ணி!" என்றாள். என் வாழ்க்கையின் மிக நல்ல முக்கால் மணி நேரம் அது.

தாலி கட்டுவதற்கு முன்னால் நெற்றியில் பட்டம், அதாவது நூலில் கோத்த மெல்லிய தங்கத் தகடு, கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். தாய்மாமன் பெண்ணுக்குக் கட்டினால், தாய்மாமன் பெண்டாட்டி மாப்பிள்ளைக்குக் கட்ட வேண்டும். மணையில் உட்கார்ந்திருப்பவரின் நெற்றியில் கட்டுவது பெரிய வேலை இல்லை. ஆனால் வீடியோ எடுப்பவர் குறுக்கே வந்தார். "எல்லாரும் நில்லுங்க, அப்பதான் ஃபிரேம்ல வருவீங்க" என்று மணமக்களை எழுப்பி நிறுத்திவிட்டார்.

மாப்பிள்ளை ஆந்திராவில் நகரிப் பக்கம். பையன் ஆறடிக்கு மேல். நான் ஐந்தடிக்கும் இரண்டு விரல் கம்மி.

பட்டத்தின் நூலைப் பிடித்துக்கொண்டு இரண்டு கைகளையும் தூக்கினேன். எட்டவில்லை. குதிகாலை உயர்த்தினேன். "இன்னும் கொஞ்சம் மேல, இன்னும் கொஞ்சம், அங்கயே சிரிங்க" என்றார் வீடியோக்காரர். சிரித்தேன். சிரிக்கும்போது மூச்சு வந்துவிட்டது.

மேளக்காரர்கள் சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் வாசிப்பை நிறுத்தி எச்சில் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அமைதியில் 'டர்ர்ர்' என்று இடுப்பிலிருந்து அக்குள் வரைக்கும் ஒரு பக்கம், அதைத் தொடர்ந்து மறுபக்கம். ஊக்குகள் பட் பட்டென்று விட்டுக்கொண்டன. ஒன்று மாப்பிள்ளையின் மாலைக்குள் போனது. ஒன்று அட்சதைத் தட்டில் விழுந்து, ஐயர் அதைப் பொறுக்கி எடுத்து, யாருடையது என்று கேட்கிற மாதிரித் தூக்கிக் காட்டினார். முதல் வரிசையில் மாப்பிள்ளையின் தாயார், "ஏமைந்தம்மா?" என்று எழுந்தேவிட்டார். என்ன ஆயிற்று என்பதைத் தமிழிலும் சொல்ல முடியாத நிலையில், முந்தானையை உடம்பு முழுக்கச் சுற்றிக்கொண்டு நான் மாடிப்படி ஏறி ஓடினேன். பட்டம் என் கையிலேயே வந்துவிட்டது. அதை வாங்க என் வீட்டுக்காரர் பின்னால் ஓடிவந்தார்.

"வீட்டுக்குப் போய் எதுனா ஒரு ஜாக்கெட் எடுத்தாங்க" என்று கதவிடுக்கில் கத்தினேன்.

எதுனா என்றால் எதுனா என்றே எடுத்துக்கொள்ளும் ஜாதி ஆண்கள். பட்டம் கட்டி முடித்துவிட்டு வண்டியில் பறந்து போய், பீரோவில் அடியில் கிடந்த காக்கி நிற ஜாக்கெட்டை உருவிக்கொண்டு வந்தார். ஆபரேஷனுக்கு முந்திய வருஷத்துச் சரக்கு. கிளிப்பச்சைப் பட்டுக்குக் காக்கி! போலீஸ் உத்தியோகம் ஒன்றுதான் பாக்கி. வேறு வழியில்லாமல் அழுதுகொண்டே போட்டேன்.

அது என் மேல் நிற்கவில்லை. தோள் வழிந்தது, முதுகில் காற்று புகுந்தது, கை தொங்கியது.

"இது யாருதுங்க?" என்று வெளியே பார்த்துக் கத்தினேன்.

"உன்னுதுதான். அதுலதான ஆஸ்பத்திரிக்குப் போன?" என்றார் வெளியிலிருந்து.

மணப்பெண்ணுக்குப் புடவை கட்டிவிட வந்திருந்த நிர்மலா, தன் பையிலிருந்து இன்ச் டேப்பை எடுத்து என்னைச் சுற்றிப் போட்டாள். அந்த ஜாக்கெட்டுக்கு என் அளவு நாற்பத்தாறு என்பது எனக்கு மனப்பாடம்.

"நாப்பத்திரண்டரை" என்றாள்.

"தப்பா புடிச்சிருப்ப."

"நான் தப்பா புடிப்பனாக்கா? நீதான கத்துக்குடுத்த. மூணரை இஞ்ச் எறங்கிக்கினு கீற."

ஏழு மாதமாக ஒரு நாளைக்கு மூன்று தடவை அந்தத் தகர மெஷினில் ஏறி இறங்கியவள், கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்த டேப்பை ஒரு தடவைகூட என் மேல் வைத்துப் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் அளவெடுப்பவள்! தெருவில் போகிற மாட்டுக்குக்கூட இதைவிட யோசனை இருக்கும். எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது, அப்புறம்தான் சந்தோஷம் வந்தது. அது வந்தபோது இன்னும் அதிகமாக அழுதேன்.

விஜயா உள்ளே வந்தாள். நான் திட்டு வாங்கத் தயாரானேன். அவள் என் தோளில் வழிந்த காக்கித் துணியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"அடிப்பாவி, இவ்ளோ எளச்சிருக்கியே அண்ணி! அத்த உட்டுட்டு எதுக்கு அந்தச் சின்னதுல போயி பூந்த?" என்றவள், நிர்மலாவிடம் ஊக்கு வாங்கி அவளே முதுகுப் பக்கம் பிடித்துக் குத்திவிட்டாள். "வா, தாலி கட்டப் போறாங்க. காக்கியோ கருப்போ, தாய்மாமன் பொண்டாட்டி மேடைல இருக்கணும்."

காக்கியிலேயே நின்றேன். அட்சதை போட்டேன். நகரிக்காரர்கள் எல்லாரும் ஐயரைக்கூடப் பார்க்காமல் என்னையே பார்த்தார்கள்.

அடுத்த வாரம் சென்னைக்குப் போனேன். வளையத்தைக் கழற்றச் சொல்லவில்லை. டாக்டரம்மா ஊசி போட்டு இன்னும் கொஞ்சம் இறுக்கினார். கல்யாணக் கதையைச் சொன்னேன், ஊசியை ஒரு நிமிஷம் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எடைமெஷினை வீட்டுக்காரர் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டு வெங்காயம் வாங்கி வந்தார். மீதி எடை குறைய நாலு வருஷம் பிடித்தது. சில மாதம் அரைக் கிலோ, சில மாதம் ஒன்றுமே இல்லை. சரளா இன்னும் படம் அனுப்புகிறாள். நான் இப்போது கைதட்டும் பொம்மை அனுப்புகிறேன். (பூங்கொத்து அனுப்புமளவுக்கு நான் நல்லவள் ஆகவில்லை.)

வீடியோவில் அந்தக் காட்சியை வெட்டச் சொல்லிக் கெஞ்சினோம். அவர் அதை மெதுவாக ஓடவிட்டு, பின்னால் புல்லாங்குழலும் சேர்த்துக் கொடுத்தார். இரண்டு மாநிலத்திலும் பார்த்தாகிவிட்டது.

போன மாதம் அவர்கள் குழந்தைக்கு மலையில் காது குத்தினார்கள். நான் விபூதித் தட்டோடு மாப்பிள்ளையிடம் போனேன். ஐந்து வருஷமாக நான் கையில் எதை எடுத்துக்கொண்டு போனாலும் அந்தப் பையன் செய்வதையே அன்றைக்கும் செய்தான். இரண்டு குடும்பமும் சுற்றி நிற்க, முட்டியை மடக்கி என் தோள் உயரத்துக்குத் தலையைத் தாழ்த்தினான்.

"கைய தூக்காதீங்க அத்தம்மா, நானே வந்துட்டேன்" என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

நான் தட்டை விஜயாவிடம் கொடுத்தேன். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே நன்றாகத் தூக்கி, "அரோகரா!" என்று கத்தினேன். எதுவும் கிழியவில்லை. பையன் மட்டும் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் குனிந்தே நின்றான்.