ஓய்வு பெற்ற பின்னும் ஆபீசில் உழைக்கும் மாமாவுக்கு

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நீங்களும் அத்தையும் நலம்தானே? இங்கே நானும் அம்மாவும் நலம் என்று எழுத வேண்டும், அம்மா நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது, படி ஏற முடிகிறதா என்றெல்லாம் அம்மா கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் போனை எடுப்பது அத்தை, எடுத்த கையோடு ஸ்பீக்கரில் போடுவதும் அத்தை. இது தெருவுக்குக் கேட்க வேண்டிய விஷயம் இல்லை. அதனால்தான் கூரியர். உட்கார்ந்து படியுங்கள்.

மாமா, நீங்கள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறீர்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஒரு மாதம் ஆகிறது, இன்றைக்கும் இந்த ஆபீசிலேயே அதிகம் உழைக்கிற ஆள் நீங்கள்தான் என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை கூட்டத்தில் உங்களுக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுக்கப் போகிறார்கள். அதே கூட்டத்தில் பன்னிரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். பதிமூன்றாவது ஆளாக நான் போவேனோ என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். மூன்று மாதம் முன்பு தலைமையகத்திலிருந்து ஒரு புது மேலாளர் வந்தார். வந்ததும், கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இங்க எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவா ஒரே சட்டம் கிடையாதாப்பா?" இருக்கிறது சார், அதற்குப் பெயர் குரூப் பாலிசி, மேலே சர்வரில் ஒரு இடத்தில் எழுதிவைத்தால் கீழே இருக்கிற எல்லாக் கம்ப்யூட்டரும் தானாகக் கேட்டுக்கொள்ளும் என்று வாயைக் கொடுத்தேன். "அப்ப எழுது" என்றார். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, போன திங்கட்கிழமை எழுதினேன். பென் டிரைவ் செருகக் கூடாது என்று ஒரு விதி போட்டேன். கணக்குப் பிரிவில் மவுசும் கீபோர்டும் செத்துப்போயின, ஏனென்றால் அவையும் அதே துளையில்தான் செருகியிருக்கின்றன. செத்த கீபோர்டை வைத்துக்கொண்டு அந்த விதியை எப்படி எடுப்பது? ஒவ்வொரு கம்ப்யூட்டராக மேஜைக்கடியில் தவழ்ந்தேன். எழுந்தபோது அடுத்த செய்தி, பிரிண்டர் விதியில் ஒரு கட்டத்தைத் தவறாகத் தட்டிவிட்டேன், மூன்று மாடியிலும் யார் எதை அச்சடித்தாலும் கீழ்த்தளப் பதிவு அறையில் வந்து விழுகிறது. மேலாளர் வீட்டுக் குழாய் ரிப்பேருக்கு எழுதிய புகார்கூட அங்கேதான் விழுந்தது. எல்லாருடையதையும் சரிசெய்துவிட்டேன், என்னுடையதைத் தவிர. எனக்குத்தான் நேரமே இல்லையே.

இதெல்லாம் ஒன்றுமில்லை மாமா. விதி எண் ஐந்துதான் நம் தலையில் விழுந்தது. "ஓய்வு பெற்றவர்கள் பட்டியலில் உள்ள எவரும் எந்தக் கம்ப்யூட்டரிலும் நுழைய முடியாது." நியாயமான விதிதானே? மறுநாள் காலை ஒன்பதரைக்குப் பதிவு அறையிலிருந்து போன். அங்கே பதிவு போடுகிறவர்களைப் பன்னிரண்டு கம்ப்யூட்டரும் உள்ளே விடவில்லை. ஓடினேன். கேபிளைப் பிடுங்கிச் செருகினேன், சுவிட்சில் பச்சை விளக்கு எரிகிறதா பார்த்தேன், கம்ப்யூட்டர் கடிகாரம் சரியாக ஓடுகிறதா பார்த்தேன், அணைத்துப் போட்டேன், போட்டு அணைத்தேன். நெட்வொர்க் தங்கம். ஆனால் ஆளை விடமாட்டேன் என்கிறது. "யூசர் நேம் என்ன போடறீங்க?" என்று கேட்டேன். பன்னிரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

அந்த அறையில் மூத்தவர் கண்ணாடி அக்கா. உங்களுக்குத் தெரியும், நெற்றியில் ஒன்று கழுத்தில் ஒன்று என்று இரண்டு கண்ணாடி. அவர்தான் கடைசியில் சொன்னார்.

"தம்பி, கோபப்படாத. உங்க மாமா பேருதான்."

"யாரு போடறது?"

"எல்லாரும்."

"எல்லாருமா? பாஸ்வேர்டு?"

"உங்க அத்தை பேரு. பின்னாடி முப்பத்தேழு."

அலமாரிக் கதவைத் திறந்து காட்டினார். உள்பக்கம் பென்சிலில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எழுதி ஒவ்வொன்றாக அடித்திருக்கிறது. முப்பத்தேழு மட்டும் அடிபடாமல் இருக்கிறது. மாதம் ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிக் கம்ப்யூட்டர் கேட்கும் இல்லையா, அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள்: முதல் தேதி யார் முதலில் வருகிறாரோ அவர் எண்ணைக் கூட்டி மாற்றி, அலமாரியில் எழுத வேண்டும். பின்னால் வருபவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் கீபோர்டில் கை வைக்கலாம். ஒருவர் அவசரத்தில் பழைய எண்ணை ஐந்து தடவை தட்டினால் பன்னிரண்டு பேரும் பூட்டப்படுவார்கள். மூன்று வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் அப்படி நடந்ததாம். தலைமையகத்தில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது. மூன்று வருஷமாகத் தினம் காலையில் அத்தை பெயரைப் பன்னிரண்டு பேர் தட்டுகிறார்கள். அத்தைக்கு ஒன்பதரை மணிக்கு ஏன் புரையேறுகிறது என்று இனி டாக்டரிடம் கேட்க வேண்டாம்.

"உங்களுக்குன்னு தனியா கணக்கு வாங்கலையா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்டதற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. வாங்குவதற்கு விண்ணப்பம் இருக்கிறது, அதில் நிரந்தர ஊழியர் எண் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அந்தக் கட்டம் காலியாக இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். கண்ணாடி அக்கா ஒன்பது வருஷமாகத் தற்காலிகம். ஒன்பது வருஷம் தற்காலிகமாக இருப்பவரைவிட நிரந்தரமானவர் இந்தக் கட்டடத்தில் யார் இருக்கிறார்கள்? நாற்காலிக்கே எண் போட்டு ஒட்டியிருக்கிறார்கள், அதில் உட்காருகிறவருக்கு எண் இல்லை. கொடுத்த வேலையைச் செய்ய வேண்டும், செய்வதற்கு வாசல் கிடையாது. நீங்கள் ரிட்டயர் ஆன அன்று கேக் வெட்டிவிட்டு, கண்ணாடி அக்கா காதில் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டுப் போனீர்களாமே. நல்லது செய்தீர்களா கெட்டது செய்தீர்களா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பன்னிரண்டு கம்ப்யூட்டரிலும் அந்த விதியைக் கையால் நீக்கினேன். உள்ளே போனார்கள். நானும் மூச்சு விட்டேன். ஆனால் குரூப் பாலிசி சும்மா இருக்குமா? ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை சர்வரைக் கேட்டு விதியைத் திரும்பப் போட்டுக்கொள்ளும். சர்வரில் மாற்றினாலோ மேலாளருக்கு உடனே தகவல் போகும், அது அவரே கேட்டு வாங்கிய வசதி. ஆகவே ஒரு வாரமாக ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருதரம் நான் பதிவு அறைக்கு ஓடுகிறேன். சாப்பிடும்போது ஓடுகிறேன். கழிவறைக்குப் போவதைக்கூட நேரம் பார்த்து வைத்துக்கொள்கிறேன். மூன்றாம் மாடியில், எனக்கும் பதிவு அறையில் யாருக்கோ ஏதோ இருக்கிறது என்று பேச்சு. இருந்தால் இவ்வளவு ஓடியிருக்க மாட்டேன்.

நேற்று மேலாளர் கூப்பிட்டார். யார் எவ்வளவு வேலை செய்கிறார்கள் என்று சர்வரிலிருந்து அவரே அறிக்கை எடுத்திருக்கிறார். பதிவுப் பிரிவில் ஒரே ஒரு பெயர். இந்த வருஷம் மட்டும் ஒரு லட்சத்து எண்பதாயிரம் பதிவுகள். மற்றப் பன்னிரண்டு பேருக்கும் பூஜ்யம்கூட இல்லை, வெற்றிடம்.

"என்னப்பா இந்த மனுஷன்! ஒரே நிமிஷத்துல பன்னண்டு பதிவு போடறார். ஒரு நாள் லீவு எடுக்கல. எங்க உட்கார்றார்?"

"கீழ... கீழ்த்தளம் சார்."

"இவர் ஒருத்தர் போதுமே. அந்தத் தற்காலிக ஆளுங்க பன்னண்டு பேரும் எதுக்கு? வெள்ளிக்கிழமை இவரை மேடைக்குக் கூட்டிட்டு வா. இந்த அறிக்கை சரின்னு நீ கையெழுத்துப் போட்டுக் கொடு."

பேனாவை வாங்கினேன், மை இல்லை என்று பொய் சொன்னேன். அவர் இன்னொரு பேனா கொடுத்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இனி நான் கேட்கப்போவதைப் பொறுமையாகக் கேளுங்கள். இங்கே என்னைச் சேர்த்துவிட்டது நீங்கள். மாமனும் மருமகனும் சேர்ந்து மூன்று வருஷம் ஆபீசை ஏமாற்றினார்கள் என்றுதான் பேசுவார்கள். உங்கள் பென்ஷனில் கை வைப்பார்களோ தெரியாது, என்னை நிச்சயம் வெளியே தள்ளுவார்கள். ஆகவே வியாழனுக்குள் கைப்பட ஒரு கடிதம் எழுதி அனுப்புங்கள். "ஓய்வு பெற்ற பிறகு என் கணக்கை யார் பயன்படுத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. பாஸ்வேர்டை நான் யாருக்கும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாமல் எடுத்திருக்கிறார்கள்." இவ்வளவு போதும். அந்தப் பன்னிரண்டு பேர் என்ன ஆவார்கள் என்று கேட்பீர்கள். எப்படியும் அனுப்பத்தான் போகிறார்கள் மாமா. அவர்களோடு நாமும் போவதில் யாருக்கு என்ன லாபம்? இதைப் பத்து தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். பதினோராவது தடவை உங்களுக்கு எழுதுகிறேன். எக்காரணம் கொண்டும் இந்தப் பக்கம் வந்துவிடாதீர்கள். வாசல் காவலாளிக்கு உங்களை நன்றாகத் தெரியும்.

அத்தைக்கு என் வணக்கம். முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்க மறக்க வேண்டாம். உங்கள் ஆசீர்வாதம் இப்போது எவ்வளவு தேவை என்று நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை.

தங்கள் பாதம் பணியும்,
அக்கா மகன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை டைப் அடித்து பிரிண்ட் கொடுத்தேன். என் கம்ப்யூட்டரின் பிரிண்டர் விதியை மட்டும் சரிசெய்யவில்லை என்று மேலே நானே எழுதியிருக்கிறேன் பாருங்கள். கீழே ஓடினேன். கண்ணாடி அக்கா கையில் கடைசித் தாள், கழுத்துக் கண்ணாடி கண்ணில். மற்றவர்கள் யாரும் திரும்பவில்லை, தட்டிக்கொண்டே இருந்தார்கள். அக்கா தாள்களை வரிசைப்படுத்தி, மேஜையில் தட்டி ஓரம் சேர்த்து, ஊசி குத்திக் கொடுத்தார். "தம்பி, ரெண்டாம் பக்கத்துல மை சரியா விழல. மறுபடி எடுத்துத் தரட்டுமா?" அவ்வளவுதான் கேட்டார். அப்புறம், "மணி ஆச்சு, விதி வந்துடும், கொஞ்சம் எடுத்து விட்டுட்டுப் போ" என்றார். பன்னிரண்டு கம்ப்யூட்டரிலும் எடுத்துவிட்டேன். ஒவ்வொருவரிடமும் முழுப்பெயர் கேட்டேன். மூன்று வருஷமாக இவர்களுக்கு மவுஸ் மாற்றிக் கொடுக்கிறேன், மாமா, எனக்கு ஒரு பெயர்கூடத் தெரிந்திருக்கவில்லை.

அந்தக் கடிதத்தை எழுத வேண்டாம். வெள்ளிக்கிழமை நீங்களே வாருங்கள். இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொள்ளுங்கள். காவலாளி தடுத்தால், மேலாளர்தான் மேடைக்கு அழைத்திருக்கிறார் என்று சொல்லுங்கள், அது உண்மைதானே. பத்திரத்தைக் கொடுத்து மைக்கை நீட்டும்போது, தனித் தாளில் இணைத்திருக்கும் பன்னிரண்டு பெயர்களையும் நிதானமாகப் படியுங்கள். விதி எண் ஐந்தை எழுதியவன் என்று பக்கத்தில் நான் நிற்பேன். மூக்குக் கண்ணாடியை மறக்க வேண்டாம். கூட்டம் பத்து மணிக்கு, ஒன்பதுக்கே வந்துவிடாதீர்கள்: வெள்ளிக்கிழமை முதல் தேதி, முதலில் வருகிறவர்தான் பாஸ்வேர்டை முப்பத்தெட்டு ஆக்க வேண்டும்.